பத்து மீட்டர்

கோவில்பட்டியில் மைசூர் எக்ஸ்பிரஸ் இரண்டு நிமிஷம்தான் நிற்கும். அந்த இரண்டு நிமிஷத்தை நினைத்து ஒரு வாரத்துக்கு முன்பே எனக்குத் தூக்கம் கெட்டுவிடும். எங்கள் பெட்டி பிளாட்பாரத்தில் எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று முதல் நாளே ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டு வருவது மாப்பிள்ளையின் வேலை. தங்கை வீட்டுக்காரர். ஜவுளிக்கடையில் நிற்கிறவர், வருஷத்தில் மூன்று நாள் லீவை எனக்கென்று எடுத்து வைத்திருப்பார்.

ஏறுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். இடது கையால் வாசல் கம்பியைப் பிடிப்பேன். வலது கால் தானாகப் படிக்கு உயராது. வலது கையால் பேன்ட்டை முட்டிக்கு மேலே கொத்தாகப் பிடித்துக் காலைத் தூக்கி முதல் படியில் வைப்பேன். மாப்பிள்ளை பின்னால் நின்று என் இடுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். "மச்சான், ஒண்ணு, ரெண்டு, மூணு." மூன்று என்றதும் அவர் மேலே தள்ள, நான் முட்டியைப் பூட்டி நிமிர்வேன். முட்டி பூட்டிக்கொண்டால் பிழைத்தோம். பூட்டாவிட்டால் அப்படியே மடங்கி அவர் மேல் விழ வேண்டியதுதான். பார்க்கிறவர்கள் பதறிப்போய் உள்ளேயிருந்து கையைப் பிடித்து இழுப்பார்கள், சிலர் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார்கள். தோளிலும் பலம் இல்லாததால் இரண்டுமே எனக்கு ஆபத்து. நல்ல மனசோடு வருகிற அந்தக் கைகளை "வேண்டாம், விட்டுருங்க" என்று சொல்வதற்குத்தான் அதிகம் சங்கடப்பட்டிருக்கிறேன்.

இது 2019 பிப்ரவரிப் பயணம். பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரிக்குப் பத்து வருஷமாகப் போய்க்கொண்டிருந்தேன். அந்த முறை அம்மாவும் வந்தாள்.

மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் கீழ் பெர்த் கிடைத்திருந்தது. ஸ்லீப்பரில் எனக்கும் துணைக்கு ஒருவருக்கும் முக்கால் பங்கு கட்டணச் சலுகை உண்டு. அம்மாவுக்கு முழு டிக்கெட். அவள் அந்தக் காசை மனசில் வைத்துக்கொண்டு, புளியோதரையும் இட்லியும் கட்டி, வெளியில் ஒரு டீகூட வாங்கவிடவில்லை. நான் மத்தியானத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிட்டேன். ரயிலில் குத்தவைக்கிற கழிப்பறையில் உட்கார்ந்தால் என்னால் எழுந்திருக்க முடியாது. வெஸ்டர்ன் இருக்கிற முனை எது என்று பார்த்து வைத்துக்கொண்டாலும், ஓடுகிற ரயிலில் அவ்வளவு தூரம் நடப்பது லேசில்லை. தசை நோய்க்காரர்கள் நீண்ட பயணம் என்றால் தாகத்தோடுதான் போவார்கள். இதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாள் நினைத்திருக்கிறேன். பயணத்தில் யாராவது தண்ணீர் வேண்டாம் என்று சொன்னால், அதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கலாம்.

மதுரை தாண்டியதும் அம்மா தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. திரும்பிப் படுக்க வேண்டுமானால் ஜன்னல் கம்பியைப் பிடித்துத்தான் திரும்ப வேண்டும். அதற்குச் சோம்பி விழித்தே கிடந்தேன்.

பள்ளியில் நான் ஹாக்கி ஆடியவன். கோவில்பட்டியில் அது பெரிய விஷயமில்லை, எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் மட்டை வைத்திருப்பார்கள். பின்னாளில் எங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கே ஆடினார். நான் லெஃப்ட் ஹாஃப். வேகம்தான் என் பலம் என்று கோச் சொல்வார். இருபது வயதில், 2004-ல், அந்த வேகம் போனது. முதலில் போனது வேகம்கூட இல்லை, நுனிக்கால். அலமாரி மேல்தட்டில் ஒரு டப்பா எடுக்க எக்கினேன். குதிகால் தரையை விட்டு எழவில்லை. யாரோ பாதத்தை ஆணியடித்து வைத்ததுபோல் இருந்தது. சிரித்துக்கொண்டே ஸ்டூல் போட்டு எடுத்தேன். அதுதான் ஆரம்பம் என்று தெரிய ஐந்து வருஷம் ஆயிற்று.

அந்த ஐந்து வருஷத்தைச் சொல்லாமல் இந்தப் பயணம் புரியாது. களைப்பாக இருக்கிறதென்று ரத்தம் சோதித்தபோது எஸ்ஜிஓடியும் எஸ்ஜிபிடியும் ஏறியிருந்தன. கல்லீரல் கெட்டிருக்கிறது என்றார்கள். அம்மா தினமும் காலையில் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலக்கித் தந்தாள். எட்டு மாதம் குடித்தேன். அந்த இரண்டு நொதிகளும் கல்லீரலில் மட்டும் இல்லை, தசையிலும் உண்டு, தசை சிதைந்தாலும் அவை ரத்தத்தில் ஏறும் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு பெரிய ஊரில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், சிபிகே என்கிற சோதனை செய்தார்கள். சாதாரணமாக இருநூறுக்குள் இருக்க வேண்டியது எனக்குப் பதினோராயிரத்துக்கு மேல் இருந்தது. தசையில் அழற்சி என்று முடிவு செய்து ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். பதினான்கு மாதம். முகம் பூரித்து வீங்கியது, சர்க்கரை ஏறியது, ராத்திரியில் தூக்கம் போனது. "கொஞ்சம் பொறுங்க, கேக்கும்" என்றே சொல்லிவந்தார்கள். மாத்திரை ஆரம்பிக்கும்போது மாடிப்படியைக் கைப்பிடி இல்லாமல் ஏறினவன், மாத்திரையை நிறுத்தும்போது கைப்பிடியோடும் ஏற முடியாதவனாக இருந்தேன்.

அந்த டாக்டரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எனக்கு வந்திருக்கிற நோயை அழற்சி என்று நினைத்துவிடுவது உலகமெங்கும் நடக்கிற தவறு. தசையைக் கிள்ளி எடுத்துப் பார்த்தால்கூட அழற்சி போலத் தெரியும். ஸ்டீராய்டு இதற்கு உதவுமா என்று ஜெர்மனியில் 25 நோயாளிகளை வைத்து ஒழுங்காகச் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். உதவவில்லை, பலம் குறைகிற பக்கமாகவே முடிவு சாய்ந்தது. நான் மாத்திரை விழுங்கியது அதற்கு ஆறேழு வருஷம் முன்னால். ஆனாலும் அந்தப் பதினான்கு மாதத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது.

மதுரையில் ஒரு வயதான நரம்பியல் டாக்டர்தான் கட்டிலை விட்டு இறங்கச் சொன்னார். அதுவரைக்கும் எல்லோரும் என் காகிதங்களைத்தான் பார்த்தார்கள். அவர் காகிதத்தைத் தொடவே இல்லை. "குதிகால்ல நில்லு" என்றார். நின்றேன். "இப்ப நுனிக்கால்ல." நிற்க முடியவில்லை. "எத்தனை வருஷமா?" என்று கேட்டார். ஒரு தாளில் பெங்களூர் விலாசம் எழுதிக் கொடுத்து, "அங்க போ, பேர் கண்டுபிடிச்சுச் சொல்லுவாங்க" என்றார்.

பேருக்காக அவ்வளவு தூரமா என்று அப்பா கேட்டார். ஊரிலோ வேறு பேச்சு. "பெங்களூர் மெண்டல் ஆஸ்பத்திரிக்கா?" மைசூர் அரசின் பழைய மனநோய் மருத்துவமனையையும் மனநலக் கல்வி நிலையம் ஒன்றையும் சேர்த்து 1974-ல் உண்டானது நிம்ஹான்ஸ். அதனால் நரம்புக்கும் தசைக்கும் அங்கே போகிறவர்களையும் ஊர் அப்படித்தான் பார்க்கும். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. "மதுரைக்குப் போறோம்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, 2009 ஜனவரியில் அப்பாவும் நானும் முதல் தடவை ரயில் ஏறினோம்.

அங்கே தொடையில் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, மொச்சைப் பருப்பளவு தசை எடுத்தார்கள். சில வாரங்கள் கழித்துப் போனபோது டாக்டர் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்று நல்ல தசை, தேன்கூட்டுக் கண்கள் மாதிரி ஒவ்வொரு தசைநாரைச் சுற்றியும் பழுப்பாக ஒரு கோடு. இன்னொன்று என்னுடையது. கண்கள் இருந்தன, கோடு இல்லை. "இந்தக் கோடுதான் டிஸ்ஃபெர்லின் என்கிற புரதம். உங்களுக்கு அது இல்லை." அதற்கான மரபணுவை 1998-ல்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். நாம் நடக்கும்போதும் படி இறங்கும்போதும் தசைநாரின் மேல்தோலில் பொடிப்பொடியாகக் கிழிசல் விழுமாம், எல்லோருக்கும் விழுமாம். டிஸ்ஃபெர்லின் இருந்தால் உடனுக்குடன் அடைத்துவிடும். ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை அன்றைக்கே மாற்றினால் வீடு எத்தனை மழையையும் தாங்கும். மாற்ற ஆள் இல்லாத வீட்டில் ஒழுக ஒழுக உத்தரமும் இற்றுப்போகும். அப்பாவுக்கு நான் இப்படித்தான் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப கல்லீரல் நல்லாத்தான் இருக்கா?" என்று கேட்டார். அவருக்கு அதில் ஒரு ஆறுதல். எனக்கும்தான். மருந்து கிடையாது என்பதையும் அதே அறையில், அதே நாளில் சொன்னார்கள். ஆனால் ஐந்து வருஷம் வேறு வேறு பேரில் அடிபட்ட உடம்புக்கு அதன் சொந்தப் பேர் கிடைத்தது என்னைக் காப்பாற்றியது என்றே சொல்வேன். அன்றோடு கீழாநெல்லி இல்லை, ஸ்டீராய்டு இல்லை, தைலம் தேய்ப்பவர் வீட்டுக்கு அலைச்சல் இல்லை.

சேலம் வந்தபோது மணி ஒன்றுக்கு மேல். சேலம் என்றால் எனக்கு மாம்பழமோ உருக்காலையோ நினைவுக்கு வராது. வானவன் மாதேவி, இயலிசை வல்லபி என்ற அக்கா தங்கைதான். இரண்டு பேருக்கும் தசைச் சிதைவு. அந்த உடம்போடு ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி, தங்களைப் போன்றவர்களுக்குச் சிகிச்சையும் தங்கலும் கிடைக்க வழி செய்தார்கள். வானவன் மாதேவி 2017 ஜனவரியில் காலமானார். நான் அவர்களை நேரில் பார்த்ததில்லை. ரயில் சேலத்தில் நிற்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். அன்றும் கம்பியைப் பிடித்து எழுந்து, ரயில் கிளம்பும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பெங்களூர் சிட்டி ஸ்டேஷனில் இறங்கும்போது நல்ல குளிர். இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம், முட்டி மடங்காமல் முதுகுப்பக்கமாக இறங்க வேண்டும். ஆட்டோக்காரர் தமிழில் பேசினார். ஓசூர் ரோட்டில் வண்டி திரும்பியதும் பெரிய மரங்கள் தெரிய ஆரம்பித்தன. அந்த வளாகத்து மரங்களைப் போல நோயாளிக்கு இதமானது வேறில்லை. நிழலில் சேலையை விரித்துப் படுத்திருப்பவர்கள், தூக்குவாளியில் கஞ்சி ஊற்றிக் கொடுப்பவர்கள், தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம், இந்தி.

காத்திருக்கும் இடத்தில் எதிரே ஒரு பையன் உட்கார்ந்திருந்தான், ஏழு எட்டு வயசு. தர்மபுரிப் பக்கம். எழுந்து நின்றபோதுதான் கவனித்தேன். குனிந்து, தரையில் கையை ஊன்றி, அப்புறம் முட்டியில், அப்புறம் தொடையில் என்று தன் காலையே ஏணியாகப் பிடித்து ஏறி நிமிர்ந்தான். கவர்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1879-லேயே எழுதி வைத்த அடையாளம் அது. அவனுக்கு டூஷேன் வகைத் தசைச் சிதைவு. கெண்டைக்கால் இரண்டும் விளையாட்டு வீரனுக்கு இருப்பதுபோல் திரண்டிருந்தன. அவன் நுனிக்காலில்தான் நடந்தான், குதிகால் தரையில் படவில்லை. எனக்கோ குதிகால் தரையை விட்டு எழாது, கெண்டைக்கால் குச்சி. ஒரே இடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம்.

"அண்ணா, நீங்க ஏன் கால் தூக்கித் தூக்கி வைக்கறீங்க?" என்று கேட்டான்.

"பாதம் தொங்குது தம்பி, தூக்கி வைக்கலன்னா தடுக்கும்."

"எனக்கும் தடுக்கும். நான் விழுந்தா அழ மாட்டேன்."

அவன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். என் அம்மா பையிலிருந்து கடலைமிட்டாய் பாக்கெட் ஒன்றை எடுத்துப் பிரித்து அவன் கையில் கொடுத்தாள். அப்புறம் அந்தப் பெண் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் கை அந்தப் பெண்ணின் முதுகில் இருந்ததை மட்டும் பார்த்தேன்.

பிசியோதெரபி அறையில் முதல் வருஷம் என்னைப் பார்த்த அதே பெண்மணிதான் அன்றும் இருந்தார். கன்னட வாடை அடிக்கும் தமிழ். "கோவில்பட்டி வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஃபைலை எடுத்தார். என் உடம்பின் பத்து வருஷக் கணக்கு அந்த ஃபைலில் இருக்கிறது. தரையில் பத்து மீட்டருக்கு இரண்டு முனையிலும் ஒட்டுநாடா. "ஓட வேண்டாம், விழவும் வேண்டாம். உங்க நடை." ஸ்டாப்வாட்ச் சொடுக்கும் சத்தம். முதல் வருஷம் அந்தப் பத்து மீட்டரை ஏழு விநாடியில் கடந்திருக்கிறேன். அன்றைக்குப் பதினாறு. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை, போன வருஷம் மூன்றாவது முயற்சியில் எழுந்திருந்தேன். ஆறு நிமிஷத்தில் எவ்வளவு நடக்கிறேன் என்று பார்ப்பார்கள். ஒரு காலத்தில் நானூறு மீட்டரைத் தாண்டியிருக்கிறேன், அன்றைக்கு இருநூற்றுப் பத்து. கெண்டைக்காலை டேப் வைத்து அளந்தார். முட்டிக்குக் கீழே இத்தனை சென்டிமீட்டர் என்று பேனாவால் புள்ளி வைத்து, அந்தப் புள்ளியில்தான் டேப்பைச் சுற்றுவார், இழுத்துப் பிடிக்காமல், தளரவும் விடாமல். டேப் தோலில் பட்டதும் குளிர்ந்தது. "இருபத்தேழு" என்று மெதுவாகச் சொல்லி எழுதினார். முப்பத்து நாலில் ஆரம்பித்தது.

இந்தச் சோதனைகள் எல்லாம் எதற்கு என்று ஊரில் கேட்பார்கள். மருந்தே இல்லாத நோய்க்கு ஏன் வருஷா வருஷம் போகிறாய், ரயில் செலவு, லாட்ஜ் செலவு. நானும் இரண்டு வருஷம் போகாமல் இருந்து பார்த்தேன். அந்த இரண்டு வருஷமும் தினமும் நானே என்னை அளந்துகொண்டிருந்தேன். நேற்று ஏறின வாசல்படியை இன்று ஏற முடிகிறதா, நேற்று தூக்கின குடத்தை இன்று தூக்க முடிகிறதா என்று விடிந்ததிலிருந்து அடைகிறவரை அதே பரீட்சை. மனசு அழுகிப்போயிற்று. மறுபடி போக ஆரம்பித்த பிறகுதான் அது நின்றது. வருஷத்தில் ஒரு நாள் அவர்கள் அளப்பார்கள். மிச்ச நாளெல்லாம் நான் அளக்க வேண்டியதில்லை.

அதோடு, காப்பாற்ற வேண்டியதைக் காப்பாற்றுகிறார்கள். ஊதுகிற சோதனையில் மூச்சின் அளவு, எக்கோவில் இதயம். என் வகையில் இதயம் பெரும்பாலும் தப்பிவிடும், ஆனாலும் பார்ப்பார்கள். டூஷேன் பிள்ளைகளுக்கு மூச்சையும் இதயத்தையும் விடாமல் கவனிப்பதே ஆயுளைக் கூட்டியிருக்கிறது. தடுக்கி விழாமலிருக்கப் பாதத்துக்கு ஸ்பிளிண்ட் கொடுத்ததும் இங்கேதான். அதற்கு முன்னால் மாதம் இரண்டு தடவையாவது விழுவேன்.

மத்தியானம் டாக்டர் அறை. முதலில் ரத்த ரிப்போர்ட். அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, எண் நன்றாகத் தெரியும். தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருஷம் கட்டை அடுக்கியவள், குரோஸ் கணக்கு விரல் நுனியில். நான் இன்று அதே மாதிரி ஒரு ஆபீஸில்தான் கணக்கு எழுதுகிறேன். மேஜையில் கிடந்த தாளை எட்டிப் பார்த்தவள், பத்து வருஷமாக அவள் மனப்பாடமாக வைத்திருந்த பதினோராயிரத்து நானூறுக்கு நேராக இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் இருப்பதைக் கண்டுகொண்டாள்.

"குறைஞ்சிருச்சே!" அவள் முகம் விரிந்ததை நான் பார்த்தேன். "ஐயா, குறைஞ்சிருச்சே. அப்ப சரியாகிட்டு வருதா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும். படித்து வைத்திருந்தேன். அம்மாவுக்கு அதை நான் சொல்லியிருக்க வேண்டும், பத்து வருஷத்தில் ஒரு நாள்கூட வாய் வரவில்லை.

"அம்மா," என்று டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டார். "இது தசையிலருந்து ஒழுகுற சத்து. தசை நிறைய இருந்தப்ப நிறைய ஒழுகுச்சு. இப்ப ஒழுகுறதுக்குத் தசை கம்மியாயிருக்கு. அதான் எண்ணும் குறைஞ்சிருக்கு."

அம்மா தாளை மறுபடி பார்த்தாள். சேலைத் தலைப்பை எடுத்து மேஜையின் ஓரத்தைத் துடைத்தாள், அங்கே தூசி ஒன்றும் இல்லை. "சரிங்கய்யா" என்றாள்.

அன்றைக்கு அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. முந்தின வருஷம் மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்தேன், அதன் முடிவும் வந்திருந்தது. டாக்டர் ஒரு வெள்ளைத்தாளில் சதுரமும் வட்டமும் போட்டார். சதுரம் அப்பா, வட்டம் அம்மா. அந்த இரண்டையும் சேர்த்து ஒரு கோடு, அதன் மேலேயே இன்னொரு கோடு.

"அது எதுக்கு ரெண்டு கோடு?" என்று அம்மா கேட்டாள்.

"சொந்தத்துல கல்யாணம்னா ரெண்டு கோடு போடுவோம்மா."

அப்பா அம்மாவுக்கு அத்தை மகன். எங்கள் பக்கத்தில் முறைப்பையன் இருக்கும்போது வெளியில் கொடுப்பது அபூர்வம். டாக்டர் பொறுமையாக விளக்கினார். கெட்டுப்போன ஒரு பிரதி அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று. ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாது, அதனால்தான் அவர்கள் இருவரும் நன்றாக இருந்தார்கள். இரண்டும் ஒரு பிள்ளைக்கே வந்து சேர்ந்தால்தான் நோய். ஒவ்வொரு பிரசவத்துக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தங்கையிடம் ஒரு பிரதி இருக்கலாம், அவள் வீட்டுக்காரர் அசல் என்பதால் பிள்ளைகளுக்குப் பயம் மிகக் குறைவு. வெளியே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையிடம் நான் முதலில் சொன்ன செய்தி அதுதான்.

அம்மா கேட்டது வேறு. "அப்ப நான்தான் குடுத்திருக்கேன்."

"நீங்க குடுக்கலம்மா. இந்த மாதிரி ஓரிரண்டு பழுது எல்லார் ரத்தத்துலயும் இருக்கு, என் ரத்தத்துலயும் இருக்கு. யாருக்கு என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. இதுல யாரும் குத்தவாளி கிடையாது."

என்னிடம் சொல்லவேண்டியவற்றையும் சொன்னார். படி இறங்குவதைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏறுவதைவிட இறங்குவதில்தான் இந்தத் தசை அதிகம் கிழியும். நீண்ட தூரத்துக்கு வீல்சேர் வைத்துக்கொள்ளுங்கள், நடையை வீட்டுக்குள் நடக்க மிச்சம் பிடியுங்கள். உட்காரும் இடங்களை உயர்த்துங்கள், நாற்காலி, கட்டில், எல்லாம். வீல்சேர் என்ற சொல் முதல் தடவையாக என் பேரோடு சேர்ந்து வந்தது. நான் எதிர்பார்த்த அளவு அது வலிக்கவில்லை. அதற்குக் காரணம் அவர் அதைச் சொன்ன விதம். ஒரு கடைசியைச் சொல்வதுபோல் சொல்லவில்லை, குடை எடுத்துக்கொண்டு போங்கள் என்பதுபோல் சொன்னார்.

திரும்பும்போது ரயிலில் அம்மா தூங்கவில்லை. ஓசூர் தாண்டி, தர்மபுரி தாண்டி, விளக்கணைத்த பெட்டியில் எதிர் பெர்த்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏய்யா, முழிச்சிருக்கியா?"

"ம்."

"உங்கப்பாவுக்கு முந்தி சாத்தூர்லருந்து ஒரு இடம் வந்துச்சு. பலசரக்குக் கடை வச்சிருந்தாக. எங்கப்பாதான், அக்கா மகன் இருக்கையில அசல்ல எதுக்குன்னு சொல்லிட்டாரு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அந்த இடத்துல குடுத்திருந்தா நான் பிறந்தே இருக்க மாட்டேன்லம்மா" என்றேன்.

ரயில் ஒரு பாலத்தில் ஏறி இறங்கும் வரைக்கும் அவள் பேசவில்லை. பிறகு எழுந்து வந்து என் போர்வையைக் காலடியில் சொருகிவிட்டாள். பாதம் தொங்காமல் இருக்க அடியில் தன் சால்வையைச் சுருட்டி முட்டுக் கொடுத்தாள். ஸ்பிளிண்டைக் கழற்றினால் இப்படி முட்டுக் கொடுக்க வேண்டும் என்று பிசியோதெரபி அறையில் சொன்னதை மாப்பிள்ளைதான் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைத்திருந்தேன்.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தாள். ஒவ்வொரு வருஷமும் கேட்கிற கேள்வி. "என்ன மருந்து குடுத்தாக?" ஒவ்வொரு வருஷமும் அம்மா ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள். சத்து மாத்திரை, எண்ணெய், கஞ்சி மாவு. இந்தத் தடவை, "மருந்து கிடையாதுக்கா. பாத்து அனுப்பிருக்காக" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் ஆசாரி வந்தார். அம்மாதான் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறாள். திண்ணையில் கிடந்த என் நாற்காலியை அவர் முன்னால் இழுத்துப் போட்டாள். தையல் மெஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்து வந்து, என்னைச் சுவரோரம் நிற்கவைத்து, தரையிலிருந்து முட்டியின் பின்மடிப்பு வரை வைத்துப் பார்த்தாள். டேப்பை இழுத்துப் பிடிக்காமல், தளரவும் விடாமல். பிறகு நாற்காலியை அளந்தாள். பதினேழு அங்குலம்.

"நாலு அங்குலம் தூக்கணும் ஆசாரி. கட்டை வேம்புல போடுங்க. ஆடக் கூடாது. கட்டிலுக்கும் அதே அளவுல நாலு கட்டை."

ஆசாரி காதில் இருந்த பென்சிலை எடுத்து நாற்காலிக் காலில் கோடு போட்டார். அம்மா டேப்பைச் சுருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, வாசல்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.